ஐஎம்எஃப்பும் பிரிக்ஸ் வங்கியும்: யார் கையில் சாவி?

மும்பை மாட்டுங்காவில் எங்கள் கட்டடத்து சொசைட்டிக் கூட்டத்தில் வீட்டுக்கு ஒரு ஓட்டு. மூன்றாம் மாடிக்காரர் எவ்வளவு கத்தினாலும் ஒன்றுதான். நெருக்கடியில் நாடுகளுக்குக் கடன் தரும் சர்வதேச நாணய நிதியம், அதாவது ஐஎம்எஃப், அப்படியில்லை. பெரிய முடிவுகளுக்கு 85 சதவீத வாக்கு வேண்டும்; அமெரிக்காவிடம் மட்டும் சுமார் 16.5 சதவீதம். அது தலையாட்டாவிட்டால் கதை முடிந்தது. எந்த நாட்டுக்கு எவ்வளவு வாக்குப் பங்கு என்பதை மாற்ற 2010-ல் ஒப்புக்கொண்ட மறுசீரமைப்பு, அமெரிக்க நாடாளுமன்றம் இழுத்தடித்ததால் 2016-ல்தான் அமலுக்கு வந்தது.

பிரிக்ஸ் நாடுகள் (பிரேசில், ரஷ்யா, இந்தியா, சீனா, தென்னாப்பிரிக்கா) தொடங்கிய புதிய வளர்ச்சி வங்கி எங்கள் சொசைட்டி மாதிரி. தொடங்கிய ஐந்து நாடுகளுக்கும் சம பங்கு, தனியாக முடிவைத் தடுக்கும் வீட்டோ யாருக்கும் கிடையாது. தலைமையகம் ஷாங்காய், முதல் தலைவர் நம்ம ஊர் வங்கியாளர் கே.வி. காமத். மும்பை மெட்ரோவுக்கும் கடன் தந்திருக்கிறது. சரி, ஆனால் டாலர் சந்தையிலும் கடன் வாங்கித்தானே ஓடுகிறது? உக்ரைன் போரால் ரஷ்யா மீது மேற்கத்தியத் தடைகள் வந்ததும், 2022 மார்ச்சில் ரஷ்யாவுடனான புதிய பரிவர்த்தனைகளை நிறுத்திவைத்தது. வாசல் வழியாக வெளியேறிய வீட்டோ ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தது.

1991-ல் நமக்கு ஆனது போல அந்நியச் செலாவணி வற்றினால் இன்றும் ஓடுவது ஐஎம்எஃப்பிடம்தான். மெட்ரோ, சாலை, குடிநீர் என்றால் என் ஓட்டு சமபங்கு வங்கிக்கே.