கோண்டாவிலில் அம்மாவின் வயலினைத் திறந்தவர்

கோண்டாவிலில் பலாலி வீதியிலிருந்து உள்ளே போகும் ஓர் ஒழுங்கையில், ஒரு வீட்டு விறாந்தையில்தான் வயலின் திருத்தும் அந்தப் பட்டறை இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. தன் பெயரைப் போட வேண்டாம் என்று அதை நடத்தும் ஐயா சொல்லிவிட்டார், அதனால் நானும் போடவில்லை. வயலின் பெட்டியோடு ஒழுங்கை முகப்பில் நின்றாலே யாராவது படலையைக் காட்டிவிடுவார்கள். நான் வீட்டில் 14 பிள்ளைகளுக்கு வயலின் சொல்லிக்கொடுக்கிறேன். யாழ்ப்பாணத்தில் வயலின் வைத்திருக்கிற எல்லோருக்கும் இந்த இடம் தெரிந்திருக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் கொண்டுபோனது அம்மாவின் வயலின். மருதனார்மடத்தில் இசை படித்த காலத்தில் அம்மப்பா அவருக்கு வாங்கிக்கொடுத்தது. 1995 ஒக்டோபர் 30 இரவு, போரால் ஊரே எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது, அம்மா தையல் மெஷினை விட்டுவிட்டு இதைத்தான் சைக்கிளில் கட்டினார். மழை. பொலித்தீன் சுற்றியும் பெட்டிக்குள் தண்ணீர் போய்விட்டது. திரும்பி வந்தபோது மேற்பலகை ஓரத்தில் ஒட்டு விட்டிருந்தது. பிறகு ஒருவர் திருத்தித் தருகிறேன் என்று வாங்கி, சுப்பர் குளூ போட்டு ஒட்டிக் கொடுத்தார். ஒட்டியது ஒட்டியதுதான், ஆனால் அடுத்த கோடையில் மேற்பலகையில் f எழுத்துப் போல வெட்டிய எஃப் துளையிலிருந்து கீழே இரண்டு வெடிப்பு. அதற்குப் பிறகு அது அலுமாரிக்கு மேலேயே கிடந்தது.

வயலினின் வயிற்றுக்குள் ஒரு மஞ்சள் கடதாசி ஒட்டியிருக்கிறது. 'அன்ரோனியஸ் ஸ்ட்ராடிவாரியஸ் கிரெமோனென்சிஸ்' என்று அச்சடித்து, கீழே 1721. உலகத்திலேயே விலை கூடிய வயலின்களைச் செய்த இத்தாலியக்காரர் ஸ்ட்ராடிவாரியின் பெயர் அது. எங்கள் வீட்டில் எல்லோருமே அதை நம்பினோம். ஜெர்மனியில் இருக்கும் மாமா ஒருமுறை, விற்றால் ஊரில் பாதியை வாங்கலாம் என்று தொலைபேசியில் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது.

ஐயா அந்தக் கடதாசியைப் பார்க்கவே இல்லை. பல் வைத்தியர் வைத்திருப்பது போன்ற சின்னக் கண்ணாடியையும் ஒரு சிறிய விளக்கையும் எஃப் துளைக்குள் விட்டு, நெடுநேரம் பார்த்தார். பிறகு என்னையும் பார்க்கச் சொன்னார். நல்ல வயலினின் நான்கு மூலைகளுக்குள்ளும் மரக்கட்டை வைத்து ஒட்டியிருப்பார்கள், இதில் அது இல்லை. மேற்பலகையின் உட்பக்கத்தில், மந்தரத் தந்திக்கு நேர்கீழே ஓடும் நீளச் சட்டம் தனியாகச் செய்து ஒட்டியதில்லை, பலகையைக் குடையும்போதே விட்டுவைத்தது. உட்பக்கம் உளி போன தடத்தோடு அப்படியே கிடக்கிறது.

"இது ஸ்ட்ராடிவாரி செய்ததில்லைப் பிள்ளை. ஜெர்மன்காரன்ர. மார்க்நொய்கிர்ஷன் எண்டு ஒரு ஊர். ஒரு வீட்டில கழுத்துச் செய்வினம், ஒரு வீட்டில பலகை குடைவினம். எங்கட சுருட்டுக் கொட்டில் மாதிரி ஆளுக்கொரு வேலை. கடதாசி பெட்டி பெட்டியா அடிச்சு ஒட்டினவை. ஆனா மரம் நல்ல மரம். திருத்தலாம்."

இதைச் சொல்வதற்குப் பதில் அவர் என்னிடம் எவ்வளவும் கேட்டிருக்கலாம். ஸ்ட்ராடிவாரி என்று நம்பிக்கொண்டு வருகிறவரிடம் இலட்சக்கணக்கில் கேட்டால் மறுக்கவா போகிறார்கள்? எனக்கு அந்த இடத்திலேயே அவர் மேல் நம்பிக்கை வந்துவிட்டது. வீட்டுக்குப் போய் அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்றுதான் யோசனையாக இருந்தது. அம்மா கேட்டுவிட்டு, "பேருக்காகவா அதைத் தூக்கிக்கொண்டு வந்தனான்?" என்றார். அவ்வளவுதான்.

வேலைக்கு மூன்று கிழமை ஆனது. பள்ளிக்கூடம் விடுமுறை என்பதால் நான் அடிக்கடி போய் உட்கார்ந்திருந்தேன். பசை காயும் நேரத்தில் ஐயா கதை சொல்வார். ஸ்ட்ராடிவாரியைப் பற்றி அவர் பேசுவது பக்கத்து வளவுக்காரரைப் பற்றிப் பேசுவது போலிருக்கும். இத்தாலியில் கிரெமோனா என்ற சிறிய நகரம். 1666இல் செய்த வயலினின் கடதாசியில் அந்த மனிதர் தன்னை, அங்கே பெயர்பெற்ற வயலின் செய்பவரான நிக்கோலோ அமாத்தியின் மாணவன் என்று எழுதியிருக்கிறார். 1680இல் சொந்த வீடு வாங்கினார். சாகும்வரை, 1737 டிசெம்பர் வரை, அங்கேதான் வேலை. 90 வயது தாண்டியும் உளியை வைக்கவில்லை. பிரான்செஸ்கோ, ஒமோபோனோ என்று இரண்டு மகன்மாரும் கூட இருந்து செய்தார்கள். மொத்தம் 1,100 அளவில் செய்திருப்பார் என்று சொல்கிறார்கள், 650 அளவில் இன்னும் இருக்கின்றன. 1716இல் செய்த ஒன்றை விற்காமலே வைத்திருந்தார். அது இப்போது ஒக்ஸ்போர்டில் கண்ணாடிப் பெட்டிக்குள். அவரை அடக்கம் செய்த தேவாலயத்தைப் பிறகு இடித்துவிட்டார்கள். ஆனால் அவர் பாவித்த மர அச்சுகளும் கடதாசி வரைபடங்களும் கிரெமோனாவில் பத்திரமாக இருக்கின்றன. இதைச் சொல்லும்போது ஐயா எழும்பிப் போய், தன் தகப்பனார் கோயில் வாகனம் செய்ய வைத்திருந்த தகட்டு அச்சுகளை எடுத்துவந்து காட்டினார். சிங்க வாகனத்தின் காதுக்கு ஓர் அச்சு, பிடரிக்கு ஓர் அச்சு. இடப்பெயர்வில் மற்றதெல்லாம் போய், மிஞ்சியது அவை மட்டும்.

எங்கள் வயலினில் போட்டிருந்த அதே 1721இல் ஸ்ட்ராடிவாரி உண்மையாகவே செய்த ஒன்று, 'லேடி பிளன்ட்' என்று பெயர், 2011இல் 1 கோடியே 59 இலட்சம் டொலருக்கு ஏலம் போனது. அந்தக் காசு ஜப்பான் சுனாமி நிவாரணத்துக்குப் போனதாம். சுனாமி என்றதும் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு இன்னொன்று சொன்னார், பெற்றோர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 2010இல் அமெரிக்காவில் இண்டியானாபொலிஸ் நகரத்தில் 21 வயலின் கலைஞர்களுக்குக் கண்ணை மறைத்து, பழையதில் மூன்றும் புதியதில் மூன்றும் கொடுத்து வாசிக்கச் சொல்லியிருக்கிறார்கள். பெரும்பாலானவர்கள் புதியதைத்தான் விரும்பினார்கள். எது பழையது என்றும் சொல்ல முடியவில்லை. பிள்ளைக்கு வயலின் வாங்கும்போது கடதாசியைப் படிக்காமல் வாசித்துக் கேட்டு வாங்குங்கள்.

ஐயா இளவயதில் கொழும்பில் ஆர்மோனியம் திருத்தும் கடையில் நின்றவர். 1983 கலவரத்துக்குப் பிறகு ஊருக்கு வந்தார். போரில் யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் தந்தி வராது. சைக்கிள் பிரேக் வயரை அவிழ்த்து, அதில் ஓர் இழையைத் தார ஸ்தாயித் தந்தியாகப் போட்டுக் கொடுத்திருக்கிறார். "கொஞ்சம் கத்தும். ஆனா பிள்ளையள் சோதினைக்குப் போச்சுதுகள்." சொந்தமாக நான்கு வயலின் செய்திருக்கிறார். முதலாவதுக்குப் பலாவில் பின்பலகை போட்டாராம், கனத்துப் போய்ச் சத்தம் எழும்பவில்லை. நான்காவதை வாசித்துப் பார்த்தேன், மருமகன் ஜெர்மனியிலிருந்து கொண்டுவந்த ஸ்ப்ரூஸ் மரம். மத்திய ஸ்தாயி அவ்வளவு இனிமை. விற்பீர்களா என்று கேட்டேன், இல்லை என்றார்.

இனி வேலையைப் பற்றி. பழைய சுப்பர் குளூவைச் சுரண்டி எடுக்கவே நான்கு நாள். வயலினுக்கு, மிருகத் தோலைக் காய்ச்சி எடுக்கும் வச்சிரப் பசைதான் போட வேண்டும் என்பதை அங்கேதான் விளங்கிக்கொண்டேன். வச்சிரம் மரத்தைவிடப் பலம் குறைந்தது. வெயிலில் மரம் சுருங்கும்போது ஒட்டு விடும், பலகை வெடிக்காது. விட்டதை மீண்டும் சூடாக்கி ஒட்டலாம். சுப்பர் குளூ விடாது, அதனால்தான் எங்கள் பலகை வெடித்தது. தயவுசெய்து யாரும் வயலினில் அதைத் தொடவே விடாதீர்கள்.

வெடிப்புக்குக் குறுக்கே உட்பக்கத்தில் சின்னச் சின்ன மரத்துண்டுகள் ஒட்டினார். விட்டுவைத்த சட்டத்தைச் சீவி எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று பொருத்தினார். அந்த மரம் உடைந்த ஒரு பழைய பியானோவின் ஒலிப்பலகை, அதுவும் ஸ்ப்ரூஸ். உள்ளே நிற்கும் சவுண்ட் போஸ்டும் அதே பலகையில் சீவியதுதான். அவர் அதை 'உயிர்க்குச்சி' என்கிறார். இத்தாலியர்களும் அதை உயிர் என்றுதான் சொல்வார்களாம். பென்சில் தடிப்புக்கும் குறைந்த குச்சி, பசையே இல்லாமல் இரண்டு பலகைக்கும் நடுவில் நிற்கிறது. வளைந்த கம்பியால் அதை ஒரு மயிரிழை நகர்த்துவார், நான் வாசிப்பேன். மந்தர பஞ்சமம் அடைத்தது. மறுபடி நகர்த்தினார். ஆறாவது தடவை அது திறந்துகொண்டபோது உள்ளே குசினியிலிருந்து அவருடைய மனைவி, "இப்ப சரி" என்று குரல் கொடுத்தார்.

தந்திகளைத் தாங்கி நிற்கும் குதிரையும் முக்கியம். வெளியிலிருந்து வரும் வயலின்களில் குதிரை நமக்கு உயரமாகத்தான் இருக்கும். வயலினைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்த பாலுசுவாமி தீட்சிதர் காலத்திலிருந்து கருவி அதேதான், ஆனால் நாம் சப்பாணி கட்டி உட்கார்ந்து, வயலினின் தலையைக் காலில் வைத்து, ஸ்வரத்தை அசைக்கும் கமகத்துக்கு விரலை ஓட்டி வாசிக்கிறோம். தந்தி உயரமாக இருந்தால் பிள்ளைக்கு விரல் நோகும், ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்கு வழுக்கிப் போகும் ஜாரு இழுக்காது. ஐயா என்னை நிலத்தில் உட்கார்ந்து தோடி ராகம் வாசிக்கச் சொல்லி, பார்த்துப் பார்த்துச் சீவினார். என் மாணவர்கள் ஐந்து பேருடைய வயலின்களுக்கும் பிறகு இதையே செய்வித்தேன்.

குறைகளையும் சொல்ல வேண்டும். தொலைபேசியை எடுக்கவே மாட்டார். ஒரு கிழமை என்றால் இரண்டு கிழமை என்று கணக்கு வையுங்கள். நல்லூர்த் திருவிழா 25 நாளும் வேலை இல்லை. வில்லுக்குக் குதிரைமயிர் போடுவது அவருடைய கைவேலைக்கு ஈடாக இல்லை, எனக்குப் போட்டது ஒரு பக்கம் தளர்ந்துவிட்டது. சொன்னபோது காசைத் திருப்பித் தந்தார். தந்தி விற்பதில்லை, நீங்களே வாங்கிக்கொண்டு போக வேண்டும். எல்லாவற்றுக்கும் சேர்த்து 24,000 ரூபா வாங்கினார். கூட இருந்து பார்த்த எனக்கு அது குறைவு.

மேற்பலகையை மூடுமுன், கடதாசியை எடுத்துவிடவா என்று கேட்டார். அம்மாவிடம் கேட்டேன், இருக்கட்டும் என்றார். அதற்குப் பக்கத்தில் ஐயா பென்சிலால் 'கோண்டாவில்' என்றும் திகதியும் மட்டும் எழுதி மூடினார். அம்மாவுக்கு இப்போது இடது சுண்டுவிரல் மடங்காது. மூன்று விரலால் மோகன வர்ணத்தின் பல்லவியை இரண்டு முறை வாசித்துவிட்டு, தந்தி முறுக்கும் பிருடை இறுக்கம், எண்ணெய் வேண்டாம், கொஞ்சம் பென்சில் கரி பூசச் சொல்லு என்றார். நாளைக்குக் கொண்டுபோகிறேன்.