36 கிலோ ஆம்பியரா, 25 கிலோ ஆம்பியரா: மெயின் பிரேக்கரில் எந்த எண்ணைப் பார்த்தேன்?

சிங்கப்பூரின் வுட்லண்ட்ஸில் என் அத்தான் இட்லி மாவு அரைத்து விற்கிறார். நாலு பெரிய கிரைண்டர், அரிசி கழுவும் இயந்திரம், ஒரு குளிர் அறை. அதிகாலை 3 மணிக்கு அரைக்கத் தொடங்கினால்தான் விடிவதற்குள் தேக்கா கடைகளுக்கு மாவு போகும். அந்தக் கூடத்து மின்வேலைக்கு உரிமம் பெற்ற ஆள் நான். போன வருடம் மெயின் போர்டில் இருந்த 200 ஆம்பியர் எம்.சி.சி.பி. (வார்ப்புப் பெட்டிக்குள் அடைத்த) பிரேக்கரை மாற்ற வேண்டி வந்தது. ஜாலான் புசார் பக்கம் ஒரு கடையில் இரண்டை எடுத்து வைத்தார்கள். ஒன்றில் 36 கிலோ ஆம்பியர் என்று பெரிதாகப் போட்டிருந்தது, மற்றதில் 25. ஷார்ட் சர்க்யூட்டில் எவ்வளவு மின்னோட்டம்வரை பிரேக்கர் துண்டிக்கும் என்பதைச் சொல்லும் எண் அது. விலையும் ஏறக்குறைய ஒன்றுதான்.

"36 பெரிசுதானே தம்பி, அதையே எடு" என்றார் அத்தான். நான் 25ஐ எடுத்தேன்.

இரண்டுக்கும் பொதுவானதை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். இரண்டும் 4 போல் (மூன்று ஃபேஸும் நியூட்ரலும்), ஒரே சட்ட (ஃபிரேம்) அளவு, அதிக லோடில் வெப்பத்தாலும் ஷார்ட்டில் காந்தத்தாலும் விழும் ஒரே வெப்ப-காந்த டிரிப். 36ம் 25ம் 415 வோல்ட்டுக்கான எண்கள். சில கேட்டலாக்கில் 240 வோல்ட்டுக்கு உள்ள பெரிய எண் முதலில் நிற்கும், அதைப் பார்த்து ஏமாறக் கூடாது. ஏ.சி.பி. எனும் பெரிய காற்று வகை பிரேக்கர் 200 ஆம்பியருக்குத் தேவையே இல்லை. எச்.ஆர்.சி. ஃபியூஸ் (பெரிய ஷார்ட்டையும் துண்டிக்கும் வகை) 80 கிலோ ஆம்பியர் வரை தாங்கும், நல்ல பொருள்தான். ஆனால் ஒரு ஃபேஸ் ஃபியூஸ் மட்டும் போனால் கிரைண்டர் மோட்டார் இரண்டு ஃபேஸில் உறுமிக்கொண்டு நிற்கும். நடு இரவில் சரியான ஃபியூஸைத் தேடி அலையவும் ஆள் இல்லை. அதனால் அதை விட்டுவிட்டோம்.

சரி, எத்தனை கிலோ ஆம்பியர் வேண்டும்? அதைக் கட்டடத்து டிரான்ஸ்ஃபார்மர்தான் முடிவு செய்கிறது. எங்களுடையது 1000 கே.வி.ஏ., இம்பிடன்ஸ் (மின்னோட்டத்துக்கு அது காட்டும் மொத்த எதிர்ப்பு) 6 சதவிகிதம். 400 வோல்ட்டில் அதன் முழு லோடு மின்னோட்டம் 1,443 ஆம்பியர். அதை 0.06ஆல் வகுத்தால் 24,000க்குக் கொஞ்சம் மேல் வரும். டிரான்ஸ்ஃபார்மர் முனையிலேயே மூன்று ஃபேஸும் ஒட்டிக்கொண்டால் பாயக்கூடியது அவ்வளவு. அங்கிருந்து எங்கள் போர்டுக்கு 120 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிள் வெறும் 15 மீட்டர்தான் வருகிறது. கேபிளின் தடையையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் 20 கிலோ ஆம்பியர் அளவில் நிற்கிறது. மேலே உள்ள வலையமைப்பின் இம்பிடன்ஸைச் சேர்த்தால் இன்னும் குறையும். ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார்கள் முதல் ஓரிரு மின்சுழற்சிக்கு ஊட்டுவதைச் சேர்த்தால் கொஞ்சம் கூடும். நான் 20 என்றே வைத்துக்கொண்டேன்.

25ம் தாங்கும், 36ம் தாங்கும். அப்படியானால் பெரியதை வாங்குவதுதானே நியாயம் என்று தோன்றும். தகட்டில் அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இன்னொரு எண் இருக்கிறது. என் முடிவு முழுக்க அதில்தான் நின்றது.

பெரிய எழுத்தில் இருப்பது ஐ.சி.யு. (Icu, உச்சத் துண்டிப்புத் திறன்). ஐ.இ.சி. 60947-2 தரநிலைப்படி, அவ்வளவு மின்னோட்டத்தில் பிரேக்கர் ஒரு முறை திறந்து, இடைவெளி விட்டு, மறுபடி மூடித் திறக்க வேண்டும் (திறப்பது என்றால் துண்டிப்பது, மூடுவது என்றால் இணைப்பது). ஆபத்தில்லாமல் துண்டித்தால் தேறிவிட்டது. அதன் பிறகு அது தன் 200 ஆம்பியரைத் தொடர்ந்து சுமக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சின்ன எழுத்தில் இருப்பது ஐ.சி.எஸ். (Ics, சேவைத் துண்டிப்புத் திறன்). அந்த மின்னோட்டத்தில் ஒரு முறை திறந்து, இரண்டு முறை மூடித் திறந்த பிறகும் பிரேக்கர் முழு லோடைச் சுமக்க வேண்டும். முனைகளின் சூடு வரம்புக்குள் இருக்கிறதா என்றும் சோதிப்பார்கள். இந்த எண்ணை ஐ.சி.யு.வில் 25, 50, 75 அல்லது 100 சதவிகிதம் என்று தருவது வழக்கம்.

36 கிலோ ஆம்பியர் பிரேக்கரின் ஐ.சி.எஸ். 50 சதவிகிதம், அதாவது 18. மற்றதற்கு 100 சதவிகிதம், அதாவது 25. எங்கள் போர்டில் வரக்கூடியது 20. பெரிய பிரேக்கர் அந்த ஷார்ட்டைத் துண்டிக்கும், ஆள் பிழைப்பார், போர்டும் பிழைக்கும். மறுநாள் காலையில் அதை நம்பி லோடு ஏற்றலாமா என்பதற்குத்தான் யாரும் உத்தரவாதம் தரவில்லை.

ஏட்டில் படித்ததோடு நின்றிருந்தால் நான் இவ்வளவு பிடிவாதம் பிடித்திருக்க மாட்டேன். பழைய பிரேக்கர் 25 கிலோ ஆம்பியர், ஐ.சி.எஸ். 50 சதவிகிதம். ஓர் இரவு, பிரேக்கருக்குக் கீழே பஸ்பாரில் (மின்சாரத்தைப் பங்கிடும் உலோகப் பட்டைகளில்) பல்லி ஒன்று இரண்டு ஃபேஸுக்குக் குறுக்கே விழுந்தது. பெரும் சத்தத்தோடு டிரிப் ஆனது. போய்ச் சுத்தம் செய்து, மெகர் வைத்துப் பார்த்தேன், இன்சுலேஷன் நன்றாகவே இருந்தது. லீவரை ஏற்றினேன், விழாமல் நின்றது. மூன்று மணி அரைப்பும் நடந்தது. எல்லாருக்கும் நிம்மதி.

மூன்றாம் வாரத்தில் 150 ஆம்பியர்கூடத் தாண்டாத லோடில் தானாக விழ ஆரம்பித்தது. வெப்பக் கேமராவில் பார்த்தபோது நடு ஃபேஸ் முனை மட்டும் மற்ற இரண்டையும்விடப் பளீரென்று தெரிந்தது. கழற்றி மைக்ரோ ஓம் மீட்டரில் அளந்தால் அந்த ஒரு போலின் தடை மட்டும் பல மடங்கு. ஷார்ட்டைத் துண்டிக்கும்போது எழும் ஆர்க் தொடுமுனையின் வெள்ளிக் கலவையைத் தின்றுவிட்டது. அதில் பிறக்கும் சூடு வெப்ப டிரிப்பையும் சேர்த்துக் காய்ச்சியதால் நல்ல லோடிலேயே விழுந்தது. அதற்குள் ஒரு நாள் குளிர் அறை நின்று, ஒரு நாள் மாவு முழுக்கப் புளித்துப் போனது.

எம்.சி.சி.பி.யைத் திறந்து தொடுமுனை மாற்ற முடியாது. மூடி முத்திரையிட்ட பெட்டி அது. ஏ.சி.பி.யில் ஆர்க்கை அணைக்கும் பகுதியை (arc chute) கழற்றிப் பார்க்கலாம், தேய்ந்த முனையை மாற்றலாம். எம்.சி.சி.பி.க்கு நாம் செய்யக்கூடிய பராமரிப்பு வெளிப்போல்ட்டை இறுக்குவதும், தூசி தட்டுவதும், எப்போதாவது டெஸ்ட் பட்டனை அழுத்துவதும்தான். உள்ளே அது எத்தனை அடியைத் தாங்கும் என்பது வாங்கும் அன்றே தீர்மானமாகிவிடுகிறது. அதனால்தான் ஐ.சி.எஸ். எண்ணைப் பராமரிப்புச் செலவாகவே நான் பார்க்கிறேன்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அன்று உண்மையில் எத்தனை ஆம்பியர் பாய்ந்தது என்று என்னிடம் பதிவு இல்லை. ஆர்க்கோடு நடக்கும் ஷார்ட்டில் கணக்கு சொல்வதைவிடக் குறைவாகத்தான் பாயும். பழைய பிரேக்கர் ஏற்கெனவே தேய்ந்திருக்கவும் வாய்ப்புண்டு. ஒரே ஒரு சம்பவத்தை வைத்து நான் பேசுகிறேன். புதியது இதுவரை ஒரு பெரிய ஷார்ட்டையும் சந்திக்கவில்லை. ஒரு வருடத்தில் மூன்று முனைகளும் ஒரே சூட்டில் இருக்கின்றன என்பதை மட்டும்தான் என்னால் சொல்ல முடியும்.

ஐ.சி.யு. முதல் வாசல் என்பதையும் மறக்கக் கூடாது. அது ஷார்ட் மின்னோட்டத்தைவிடக் குறைவாக இருந்தால் ஐ.சி.எஸ். 100 சதவிகிதமாக இருந்தும் பயன் இல்லை, பிரேக்கர் வெடிக்கலாம். 1500 கே.வி.ஏ., 6 சதவிகிதம் என்றால் டிரான்ஸ்ஃபார்மர் முனையில் 36 கிலோ ஆம்பியர். எங்களைப்போல் அருகில் இருக்கும் போர்டில் அது 28 அளவுக்குத்தான் இறங்கும். அங்கே 25ஐ வைப்பது தவறு. 36ம் வேண்டும், ஐ.சி.எஸ். 100ம் வேண்டும் என்றால் அதுவும் கிடைக்கிறது, கடையில் விலை கேட்டபோது அத்தான் தலையாட்டி மறுத்துவிட்டார்.

இப்போது கட்டடத்தில் மின்வாகன சார்ஜர் போடப் பேச்சு நடக்கிறது. டிரான்ஸ்ஃபார்மரைப் பெரிதாக்கினால் என் கணக்கு செல்லாது. அந்த விலை கூடிய பிரேக்கரும் இதே சட்ட அளவில் வருகிறது என்பதைப் பார்த்துவிட்டுத்தான் 25ஐ வாங்கினேன். பஸ்பாரைத் தொடாமல் அரை நாளில் மாற்றிவிடலாம். பல்லி வந்த கேபிள் ஓட்டையை அன்றே கிளாண்ட் போட்டு அடைத்தாயிற்று.