98 டிபிஐ என்று அச்சடித்த வைஃபை ஆண்டெனாவை வாங்காதீர்கள்

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடிப் பக்கம் மடிக்கணினிக்கு வைஃபை சிக்னலைக் கூட்டும் கருவி வாங்கப் போகிறவர்கள் பணம் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். "98 டிபிஐ, 6000 மில்லிவாட்" என்று பெட்டியில் அச்சடித்த யுஎஸ்பி அடாப்டரையும் நீளமான ஓர் ஆண்டெனாவையும் 3,800 ரூபாய்க்கு என் தலையில் கட்டிவிட்டார்கள்.

எங்கள் வீடு வெண்ணாற்றுப் பக்கம், தென்னந்தோப்புக்குள் இருக்கிறது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் சித்தப்பா வீடு. அங்கே ஃபைபர் இணைப்பு உண்டு. எங்கள் பக்கம் கேபிள் இழுக்க யாரும் வரவில்லை. தங்கை வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். மாடியில் உட்கார்ந்தால் சித்தப்பா வீட்டு வைஃபை ஒரு கோடு காட்டும், அவ்வளவுதான். இதையெல்லாம் கேட்ட கடைக்காரர், "மூணு கிலோமீட்டர் இழுக்கும் சார், தோப்பெல்லாம் ஒரு கணக்கே இல்ல. அந்த வீட்டைப் பாத்து நீட்டி வச்சா போதும்" என்றார்.

தோப்புதான் முக்கியமான கணக்கு. 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த மரங்களுக்குப் பதிலாக வைத்த கன்றுகள் இப்போது ஓலை விரித்துக் குறுக்கே நிற்கின்றன. ஓலையில் இருக்கும் ஈரம் வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை நன்றாகவே உறிஞ்சும். மழை பெய்தால் இன்னும் மோசம்.

மாட்டிப் பார்த்தோம். கோடு ஏறியது, வேகம் ஏறவில்லை.

அந்த எண்களைப் பாருங்கள். டிபிஐ என்பது ஆண்டெனா சக்தியை ஒரு பக்கமாக எவ்வளவு குவிக்கிறது என்பதற்கான அளவு. 10 கூடினால் 10 மடங்கு. 98 என்றால் 600 கோடி மடங்குக்கும் மேல்! 305 மீட்டர் அகலமிருந்த அரெசிபோ ரேடியோ தொலைநோக்கிக் கிண்ணமே கிட்டத்தட்ட இதே அலைவரிசையில் 70-ஐச் சற்றுத்தான் தாண்டியது. அரை மீட்டர் நீளமுள்ள நல்ல யாகி ஆண்டெனாவுக்கு (பழைய மாடி டிவி ஆண்டெனா மாதிரி ஒரு பக்கமாகக் குவிப்பது) 13 அளவில் வரும். அடாப்டர் அனுப்பும் சக்தி 6000 மில்லிவாட், அதாவது ஆறு வாட் என்பதும் பொய்தான். சாதாரண யுஎஸ்பி 2.0 துளை தருவது 5 வோல்ட், 500 மில்லியாம்ப், அதாவது இரண்டரை வாட். அதிலிருந்து ஆறு வாட் எப்படி வெளியே போகும்? உண்மையிலேயே போனாலும் குற்றம்தான்: 2005 அரசு அறிவிக்கையின்படி உரிமம் இல்லாமல் இந்த அலைவரிசையில் ஒரு வாட்டுக்கு மேல் அனுப்பக் கூடாது. அப்புறம், நம் பக்கம் மட்டும் கத்தி என்ன பயன்? ரூட்டர் சொல்லும் பதிலும் இங்கே கேட்க வேண்டுமே.

கேபிள் டிவி வேலை பார்க்கும் மாமா அந்த ஆண்டெனாக் குழாயைக் கழற்றினார். "மாப்ள, இங்க பாருய்யா" என்று காட்டினார். முழ நீளக் குழாய்க்குள் மூன்று சென்டிமீட்டர் கம்பி, மிச்சமெல்லாம் வெறும் பிளாஸ்டிக். அது சுற்றிலும் பரப்பும் சாதாரண ஆண்டெனா. நுனியை ஒரு வீட்டைப் பார்த்து நீட்டினால் அந்தத் திசைக்குத்தான் சிக்னல் குறையும்.

கூடவே கொடுத்த மெல்லிய பத்து மீட்டர் கேபிளும் வீண். அந்த ரகம் மீட்டருக்கு ஒரு டெசிபலாவது தின்றுவிடும் (டிபிஐ கணக்கேதான்: 10 குறைந்தால் பத்தில் ஒரு பங்கு). பத்து மீட்டரில் பத்தில் ஒரு பங்கு சக்திகூட மிஞ்சுவது சந்தேகம். ஆண்டெனாவுக்குப் பக்கத்திலேயே அடாப்டரை வைத்து, ஐந்து மீட்டருக்குள் யுஎஸ்பி கேபிளில் இறக்குவதுதான் சரி. இப்போது மாடியில், ஓலைக்கு மேலே ஒரு கம்பம் நட்டு, உண்மையான யாகியை அப்படித்தான் மாட்டியிருக்கிறோம். தங்கையின் வேலை நடக்கிறது.

திருப்பிக் கொடுக்கப் போனால், "கழட்டிட்டீங்க, வாரண்டி போச்சு" என்று கையை விரித்துவிட்டார்கள். பில்லில் வெறும் "உதிரிபாகம்" என்றுதான் இருந்தது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன், பெட்டியின் படத்தோடு. நீங்கள் வாங்கினால் பில்லில் மாடல் பெயரும் டிபிஐ எண்ணும் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அந்தக் கடையில் வாங்க வேண்டாம்.