ஆளேற்ற எது உசத்தி: ராஃப் 2203-ஆ, உவாஸ் 452-ஆ?

சோவியத் வேன் என்றதும் எல்லாரும் காட்டும் படம் உவாஸ் 452 தான். உல்யனோவ்ஸ்க் நகரில் 1965-இல் தயாரிப்பு தொடங்கி, சிறு சிறு மாற்றங்களோடு இன்றுவரை வந்துகொண்டிருக்கிறது. ரொட்டி மாதிரி இருப்பதால் ‘புகான்கா’ என்று செல்லப்பெயர். இத்தனை வருடம் தாக்குப்பிடித்த வண்டிக்குப் புகழ் சேரத்தான் செய்யும். ஆனால், ஆட்களை ஏற்றிப்போகும் வேன் என்று மட்டும் பார்த்தால் என் ஓட்டு லாத்வியாவின் ராஃப் 2203-க்குத்தான்.

இரண்டிலும் இன்ஜின் அளவு ஒன்றே: 2.445 லிட்டர், பெட்ரோல். ஓட்டுநருக்கும் பக்கத்து சீட்டுக்கும் நடுவில், ஒரு மூடிக்கு அடியில் அது உட்கார்ந்திருக்கும். கோடையில் பக்கத்தில் இருப்பவர் பாடு திண்டாட்டம். குளிர்காலத்தில் வண்டிக்குள் இருந்தபடியே மூடியைத் திறந்து ரிப்பேர் பார்க்கலாம். சைபீரியாவில் அது சின்ன விஷயமில்லை.

உவாஸ் பாதையே இல்லாத இடத்துக்கென்று செய்த வண்டி. தனிச் சட்டகம், நான்கு சக்கரத்துக்கும் இயக்கம், முன்னும் பின்னும் பட்டைவில் (லீஃப் ஸ்பிரிங்), தரையிலிருந்து சுமார் 22 செ.மீ. இடைவெளி. மட்டமான பெட்ரோலிலும் ஓடும். பேட்டரி செத்தால் முன்னால் கைப்பிடி போட்டுச் சுற்றிக் கிளப்பலாம். இதெல்லாம் ராணுவத்துக்கும் கிராமத்து மருத்துவருக்கும் வரம். உள்ளே உட்கார்ந்து போகிறவருக்கோ தூக்கிப் போடுதல், இரைச்சல், மணிக்கு 95 கி.மீ. தாண்டாத வேகம்.

ராஃப் வேறு ரகம். ரீகாவுக்குப் பக்கத்தில் யெல்கவாவில் 1976-இல் புதிதாகத் திறந்த ஆலையில் பிறந்தது. உள்ளே இருப்பதில் பெரும்பகுதி வோல்கா 24 காரின் சாமான்: 95 குதிரைத்திறன் இன்ஜின், கியர்பாக்ஸ், முன் சஸ்பென்ஷன். தனிச் சட்டகம் கிடையாது, உடலே பாரம் தாங்கும். 11 பயணிகள், பெரிய கண்ணாடிகள், 120 கி.மீ. வேகம். மாஸ்கோவில் 80-களில் பஸ் கட்டணம் 5 கோபெக் (100 கோபெக் ஒரு ரூபிள்). மார்ஷ்ருத்கா என்ற பங்கு டாக்ஸியாக ஓடிய ராஃபில் 15. மூன்று மடங்கு கொடுத்தும் ஏறினார்கள் என்றால், உட்கார இடமும் வேகமும் கிடைத்ததால்தான். ஆம்புலன்ஸாகவும் நாடு முழுக்க ஓடியது.

சரி, குறை இல்லையா? இருக்கிறது, பெரிய குறை. இன்ஜின், ஓட்டுநர், பக்கத்தில் ஒருவர் என எல்லா எடையும் முன் அச்சின் மேல். அதைச் சுமப்பதோ காருக்கென்று செய்த சஸ்பென்ஷன். காலியாக ஓடினால் மூக்குப் பக்கம் கனத்து, பின்பக்கம் லேசாகிவிடும். ஈரச் சாலையில் பிரேக் அழுத்தும்போது ஓட்டுநருக்கு வயிற்றைக் கலக்கும். முன் பாகங்கள் சீக்கிரம் தேய்ந்தன. நகரத்துத் தார்ச்சாலையில் சமாளிக்கலாம், சேற்றில் உவாஸ் முன்னால் நிற்கவே முடியாது.

இருந்தும் ராஃபை முடித்தது இந்தக் குறை அல்ல. 1991-இல் சோவியத் ஒன்றியம் உடைந்த பிறகு ஆலை ஒரு நாட்டில், இன்ஜினும் முக்கியப் பாகங்களும் வாங்குபவர்களும் இன்னொரு நாட்டில். வோல்கா கார் செய்த அதே ரஷ்யக் கார்க்கி ஆலை 1994-இல் கஸேல் என்ற சொந்தச் சிறு லாரியை இறக்கி, அடுத்த சில வருடங்களில் அதையே மார்ஷ்ருத்காவாகவும் விற்கத் தொடங்கியது. யெல்கவாவில் தயாரிப்பு 1997-இல் நின்றுபோனது.