ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக் அரங்கம்: பெர்சி வில்லியம்ஸைத் தேடிப் போனோம்

ஐந்துக்கு நான்கு. குறைந்த அந்த ஒன்றுக்குக் காரணம் அரங்கமல்ல, எங்களைக் கூட்டிப்போன வழிகாட்டி.

ரொறன்ரோவில் இருந்து வந்து ஒரு பழைய ஸ்ரேடியத்தில் அரை நாளைக் கழிக்க வேண்டுமா என்று மனைவி முணுமுணுத்தார். பள்ளிக்கூடக் காலத்தில் நூறு மீற்றர் ஓடியவன் நான். 1928 ஒலிம்பிக்கில் இங்கே நூறையும் இருநூறையும் வென்ற வன்கூவர் பொடியன் பெர்சி வில்லியம்ஸ் ஓடிய இடத்தைப் பார்க்காமல் திரும்புவதா?

கட்டடம் நல்ல வடிவு. யான் வில்ஸ் வரைந்தது, செங்கல் முகப்பு. நவீன ஒலிம்பிக்கின் முதல் சுடர் எரிந்த கிண்ணம் கோபுர உச்சியில் இருக்கிறது. ஊர்க்காரர் அதை, தங்கள் நாட்டு விமான நிறுவனமான கேஎல்எம் விமானிகளின் சாம்பல் தட்டு என்பார்களாம். அது வரைக்கும் வழிகாட்டி திறம். அப்புறம் காற்பந்து, காற்பந்து, காற்பந்து. வில்லியம்ஸ் எந்தப் பக்கத்தில் ஓடினார் என்று கேட்டேன். "டென்னிஸ்காரியா?" என்றார்.

சரி என்று ஓடுபாதை ஓரத்தில் நானே மகளுக்குக் கதை சொன்னேன். வயது இருபது, எடை 57 கிலோ. சிறுவயதில் வாதக் காய்ச்சல் கண்ட உடம்பு. பயிற்சியாளர் பொப் கிரேஞ்சருக்குக் கனடா அணியில் இடமில்லை; ஆனாலும் தனியாகக் கடல் தாண்டி வந்துவிட்டார். ஹொட்டேல் அறைச் சுவரில் மெத்தையைச் சாய்த்துவைத்து, பெர்சியைப் பாய்ந்துபோய் அதில் முட்டவைத்தார். புறப்படப் பழக்கிய விதம் அது. கால் வைக்க இப்போதுள்ள கட்டைகள் அப்போது இல்லை. கரித்துகள் பாதையில் சின்னக் கரண்டியால் தாங்களே இரண்டு குழி தோண்ட வேண்டும். நான்கு நாளில் எட்டு ஓட்டம். இறுதி ஓட்டங்களில் நூறுக்கு 10.8 செக்கன், இருநூறுக்கு 21.8.

இரண்டு வருடம் கழித்து எங்கள் ரொறன்ரோவில் நூறு மீற்றரை 10.3 செக்கனில் ஓடினார், உலக சாதனை. அதே மாதம் ஹமில்டனில், முதல் பிரித்தானியப் பேரரசு விளையாட்டுப் போட்டியில், 100 யார் ஓட்டத்தின் நடுவில் தொடைத் தசை கிழிந்தது. விடாமல் ஓடி வென்றுவிட்டார். பழைய கால் மட்டும் திரும்பி வரவில்லை. 1932 லொஸ் ஏஞ்சலஸில் அரையிறுதியோடு சரி. பிறகு காப்புறுதி வியாபாரம். ஓடிப் பணம் பார்க்கக்கூடாத காலம் அது. கையில் மிஞ்சிய பதக்கங்களையும் காட்சிக்குக் கொடுத்தார், 1980இல் அவை களவு போயின. மகள் இந்த இடத்தில்தான் கோபப்பட்டாள்.

போகிறவர்கள் கூட்டத்தோடு போகாதீர்கள். கதையைப் படித்துவிட்டுத் தனியாகப் போங்கள். குளிருக்கு ஒரு சட்டை கூட எடுங்கள், அரங்கின் நடுவில் காற்று வெட்டுகிறது.

அன்றிரவு எங்கள் ஹொட்டேல் அறைச் சுவரில் மகள் தலையணைகளை அடுக்கினாள். மூன்றாவது தரம் பாய்ந்து முட்டியபோது பக்கத்து அறைக்காரர் சுவரைத் தட்டினார்.