ஆறு மாதம் தலைசுற்றலுக்குக் காசு கட்டிய கதை

மொத்தம் 31,199 ரூபாய். போன ஜூனிலிருந்து டிசம்பர் வரை நான் கட்டியது. இவ்வளவு கட்டியும் எனக்கு ஏன் தலை சுற்றுகிறது என்று ஒருத்தரும் சொல்லவில்லை. கடைசியில் சொன்னவர் எங்கள் தெருமுனை டாக்டர், ஃபீஸ் 250. கோயமுத்தூரில் இதே மாதிரி ஜிம், டயட் பேக்கேஜில் சேர இன்னும் நிறையப் பேர் வரிசையில் நிற்கிறார்கள் என்று தெரிவதால் எழுதுகிறேன்.

எனக்கு 41 வயது, பிறந்ததிலிருந்து சைவம், ஒரு மில் ஆபீசில் கணக்கு எழுதுகிறேன். ரேஸ்கோர்ஸில் காலை நடை பழக்கம் ஏற்கெனவே உண்டு. வீட்டுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு ஜிம் திறந்தார்கள், ஆறு மாதத்துக்கு 16,000. உடம்பில் கொழுப்பு எத்தனை சதவீதம் என்று சொல்கிற மெஷின் மேல் ஏற்றி நிற்கவைத்து, வந்த தாளில் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு, "மேடம், எக்சர்சைஸ் மட்டும் பத்தாது, எல்லாமே டயட்லதான் இருக்கு" என்றார் ட்ரெய்னர். அந்த டயட் பிளானுக்குத் தனியாக 6,000. அங்கேதான் கோட்டை விட்டேன். அந்தப் பணத்தை ஜிம் கணக்கில் போடச் சொல்லாமல் தன்னுடைய சொந்த நம்பருக்கு ஜிபே பண்ணச் சொன்னார், நானும் பண்ணினேன், பில் வாட்ஸ்அப்பில் வரும் என்றார், இன்றுவரை வரவில்லை. நான் பார்ப்பதே கணக்கு வேலை என்பதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

பிளான் இதுதான். காலையில் இட்லி கூடாது, தண்ணீரில் வேகவைத்த ஓட்ஸ். மதியம் சோறு கூடாது, முளைகட்டிய பயறும் ஒரு கப் கீரையும், சாப்பிட்டதும் கிரீன் டீ. இரவு சூப். பால், தயிர் வேண்டாம். உப்பு முடிந்தவரை வேண்டாம். நாளுக்கு நாலு லிட்டர் தண்ணீர். இதோடு வாரம் ஆறு நாள் ஜிம், அதற்கு முன்னால் வழக்கமான நடை. முதல் மாதமே நாலு கிலோ குறைந்தது, ஓரகத்தி என்ன ரகசியம் என்று கேட்டாள், ஆகாயத்தில் பறந்தேன். மாவுச்சத்தைத் திடீரென்று குறைத்தால் உடம்பு சேர்த்துவைத்திருக்கும் சர்க்கரையும் அது பிடித்துவைத்திருக்கும் நீரும் உப்பும் முதலில் போகும், அந்த நாலு கிலோவில் பெரும்பங்கு அதுதான் என்று பிறகு டாக்டர் சொன்னபோது கொஞ்சம் தரையிறங்கினேன்.

ஆகஸ்டில் ஆரம்பித்தது. ஆபீஸ் மாடி இரண்டாவது திருப்பத்தில் நின்று மூச்சு வாங்குவேன். மத்தியானம் மூன்று மணிக்கு யாரோ பிளக்கைப் பிடுங்கியது போல ஆகிவிடும். குனிந்து நிமிர்ந்தால் கண் இருட்டும். அப்புறம் இன்னொன்று, சொல்லவே கூச்சமாக இருக்கிறது, சமைக்கும்போது பச்சரிசியை ஒரு பிடி அள்ளி மென்றுகொண்டே இருந்தேன். நிறுத்த முடியவில்லை. ட்ரெய்னரிடம் சொன்னேன். "கார்ப் கிரேவிங் மேடம், மைண்டை ஸ்ட்ராங்கா வச்சுக்கங்க" என்றார்.

தலைசுற்றலைச் சொன்னபோது "டீடாக்ஸ் ஆகுது, கழிவெல்லாம் வெளியேறுது, நல்ல அறிகுறி" என்றார். இரண்டு வாரம் காத்திருந்தேன், கழிவு வெளியேறி முடிவதாக இல்லை. உடனே விளக்கம் மாறியது: புரோட்டீன் பத்தவில்லை. ஒரு டின் மாவு 3,650. அடுத்த மாதம் இன்னொரு டின். அந்த டின்னில் எறும்பு அளவு எழுத்தில் 'மருந்தாகப் பயன்படுத்துவதற்கல்ல' என்று ஆங்கிலத்தில் அவர்களே போட்டிருக்கிறார்கள், நான்தான் படிக்கவில்லை. அதற்கும் அசையவில்லை என்றதும் அவருக்குத் தெரிந்த லேபில் ஃபுல் பாடி செக்கப், 72 டெஸ்ட், ஆஃபரில் 1,899.

ரிப்போர்ட் பன்னிரண்டு பக்கம், எல்லாம் நார்மல், பச்சைப் பச்சையாக டிக். பிற்பாடு ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த 72-ஐ உட்கார்ந்து எண்ணினேன். சிறுநீரின் நிறம் ஒரு டெஸ்ட். சிறுநீர் தெளிவாக இருக்கிறதா என்பது இன்னொரு டெஸ்ட். ஒரே ரத்த அணு சோதனையைப் பிரித்து இருபதுக்கு மேல். அந்த எண்ணை இந்த எண்ணால் வகுத்தால் வருகிற விகிதங்கள் தனித்தனி டெஸ்ட். எங்கள் ஆபீசில் ஒரே பில்லை நாலாக உடைத்துக் காட்டினால் ஆடிட்டர் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். இவ்வளவிலும் எனக்குத் தேவைப்பட்ட இரண்டு டெஸ்ட், உடம்பில் இரும்பு எவ்வளவு இருப்பில் இருக்கிறது என்று காட்டும் ஃபெரிட்டினும் வைட்டமின் பி12-உம், அதில் இல்லை.

மார்கழி பிறந்தது. காலை ஐந்தரைக்குக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பதினைந்து புள்ளிக் கோலம் போட்டு முடித்து எழுந்தேன், எழுந்தது மட்டும்தான் நினைவிருக்கிறது. கேட்டைப் பிடித்தபடி சரிந்து கிடந்தேனாம். மாமியார்தான் தூக்கினார். "ஏங்கண்ணு, தீபாவளிலருந்து சொல்றேன் மொகமெல்லாம் வெளுத்துக் கெடக்குதுன்னு, அந்த ஜிம்முக்காரன் சொன்னாத்தான் கேப்பியா?" என்றார். அவர் சொன்னது உண்மை.

டாக்டர் அந்தப் பன்னிரண்டு பக்கத்தைப் புரட்டிவிட்டு ஓரமாக வைத்தார். கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார். மாதவிலக்கு எத்தனை நாள், எத்தனை நாப்கின், கட்டி கட்டியாகப் போகிறதா என்று கேட்டார்; ஆறு மாதத்தில் என்னை யாரும் கேட்காத கேள்வி. ஐந்து நிமிடம் படுக்கவைத்து பிரஷர் எடுத்தார், 114-க்கு 72. எழுந்து நிற்கச் சொல்லி மூன்று நிமிடத்துக்குள் மறுபடி எடுத்தார், 90-க்கு 64. மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் கணக்கில் எடுக்க வேண்டும் என்றார். கடைசியாக, "அரிசி, சாம்பல், பல்பம் ஏதாவது திங்கறீங்களாம்மா?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இரும்புச்சத்துக் குறைந்தவர்களுக்கு அப்படி ஒரு ஆசை வரும் என்பது டாக்டர்களுக்கு வெகுகாலமாகத் தெரிந்த சங்கதியாம். எனக்கு வந்தது கார்ப் கிரேவிங் இல்லை.

ஃபெரிட்டின் 7 வந்தது. 15-க்குக் கீழே போனாலே இருப்பு தீர்ந்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பி12 168, பொதுவாக 200-க்குக் கீழே குறைபாடு. ஆனால் ஹீமோகுளோபின் 12.1, பெண்களுக்கு 12 இருந்தால் நார்மல், அதனால்தான் பச்சை டிக். "மேல் தொட்டி வத்திப்போச்சும்மா, பைப்ல நிக்கிற தண்ணி மட்டும் ஓடிட்டிருக்கு" என்று விளக்கினார். கீரையில் இரும்பு இருந்தாலும் உடம்பு அதைக் கொஞ்சம்தான் எடுத்துக்கொள்ளும், அதன் தலையிலேயே டீயை ஊற்றினால் அதுவும் போச்சு. பி12 சைவக்காரர்களுக்குப் பால், தயிர் வழியாகத்தான் வரும், அதையும் பிளான் நிறுத்திவிட்டது. சாப்பாட்டில் உப்பில்லாமல், வியர்வையாகவும் உப்பை வெளியேற்றிக்கொண்டிருந்தால் நிற்கும்போது பிரஷர் இறங்காமல் என்ன செய்யும்? மாதவிலக்கு அதிகமாகப் போவதற்கு ஸ்கேன் எடுத்ததில் சிறிய நார்த்திசுக் கட்டி ஒன்று இருப்பது தெரிந்தது, அதற்குத் தனியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இரும்பு மாத்திரை ஒருநாள் விட்டு ஒருநாள், டீ காபிக்கு அருகில் கூடாது. பி12 தனியாக. சோறு, தயிர், அளவான உப்பு எல்லாம் திரும்ப வந்தன, கீரையில் எலுமிச்சை பிழிகிறேன். மூன்று மாதம் கழித்து ஃபெரிட்டின் 34. பச்சரிசி ஆசை மூன்றாவது வாரமே காணாமல் போனது, அது இன்னும் எனக்கு ஆச்சரியம்தான். இதைப் படித்துவிட்டு நீங்களாக இரும்பு மாத்திரை வாங்காதீர்கள், பிரஷர், கிட்னி பிரச்சினை இருப்பவர்கள் உப்பையும் கூட்டாதீர்கள். ஆண்களுக்கு இரும்பு குறைந்தால் வயிற்றில் எங்காவது ரத்தம் கசிகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும் என்றும் டாக்டர் சொன்னார், என் வீட்டுக்காரரை வைத்துக்கொண்டே சொன்னார். நெஞ்சுவலியோடு தலைசுற்றினாலோ மயங்கி விழுந்தாலோ நேராக ஆஸ்பத்திரி, ட்ரெய்னருக்கு மெசேஜ் அல்ல.

சரி, பணம். ஜிம்மில் கேட்டேன். டயட் பிளானுக்கும் மாவுக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை, அது ட்ரெய்னர் தனியாகச் செய்தது என்றார்கள். அவர் பண்ணியது அந்த ஜிம் சுவரில் 'எங்கள் டயட்டீஷியன்' என்று அவர் போட்டோவை மாட்டியிருந்த இடத்துக்கு நேர் கீழே உட்கார்ந்துதான். என்ன படித்தீர்கள் என்று கேட்டதற்கு ஆன்லைனில் வார இறுதி வகுப்பு ஒன்றின் சான்றிதழைக் காட்டினார். மறுநாள் வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னைத் தூக்கிவிட்டார்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்தேன். அதற்குப் பிறகு ஜிம் மேனேஜரே போன் செய்து, மூன்று மாதம் மெம்பர்ஷிப்பை இலவசமாக நீட்டித் தருகிறோம் என்றார். பிரிக்காத இரண்டாவது டின்னுக்கு மட்டும் 3,650 திரும்ப வந்தது. மீதிக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகப்போகிறேன், ஐந்து லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது. ஜிபே ஸ்கிரீன்ஷாட், சுவரில் மாட்டியிருந்த போட்டோவின் படம், 'டீடாக்ஸ் ஆகுது மேடம்' என்ற வாய்ஸ் மெசேஜ் மூன்று, எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. அந்த போட்டோவை இப்போது சுவரிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன், ட்ரெய்னர் அதே இடத்தில்தான் இருக்கிறார்.