செம்பனை நிழலில் தெரியாத எண்: ரேஞ்ச்ஃபைண்டரோடு மூன்று வருஷம்

போன வாரம் எங்கள் தாமானில் இருக்கும் தம்பி ஒருவர் கைப்பேசியை என் முன்னால் நீட்டினார். "அண்ணே, நீங்க வச்சிருக்கிறது இதுதானே? வெல எறங்கியிருக்கு. வாங்கிரட்டுமா?" அதேதான், லேசர் விட்டு இலக்கின் தூரத்தை அளக்கும் ரேஞ்ச்ஃபைண்டர். மூன்று வருஷத்துக்கு முன்பு நான் 780 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தேன், இப்போது 520. வாங்கு, வாங்காதே என்று ஒரு வார்த்தை சொன்னால் அவருக்குப் போதும். அந்த ஒரு வார்த்தை எனக்கு வரவில்லை.

தம்பி பார்ப்பதெல்லாம் அமெரிக்க வில்வேட்டை வீடியோக்கள். மரத்தில் மேடை கட்டி உட்கார்ந்து, மான் வருவதற்கு முன்பே சுற்றியிருக்கும் மரங்களின் தூரத்தை அளந்து வைத்துக்கொள்கிறார்கள். நம் ஊர் நிலைமை வேறு. மலேசியாவின் 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் உரிமம் இல்லாமல் பாதுகாக்கப்பட்ட விலங்கைத் தொட முடியாது. நான் அம்பு விடுவது நுரையில் செய்த த்ரீடி விலங்கு பொம்மைகளின் மேல் மட்டும்தான். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தின் ஓரத்தில், நிர்வாகத்திடம் கேட்டு வாங்கிய இடம். பின்னால் உயரமான மண்மேடு. வேலையாட்கள் வீடு திரும்பிய பிறகு, சாயங்காலம் ஆறரைக்கு மேல்தான் வில்லை எடுப்பேன். இந்த நேரத்தைக் கவனித்துக்கொள்ளுங்கள். என் கோபம் முழுக்க அதில்தான் இருக்கிறது.

கருவியின் கண்ணாடி வழியாகப் பார்த்தால் எண்கள் கறுப்பாகத் தெரியும். எல்சிடி திரை தானாக ஒளிராது, பின்னாலிருந்து வரும் வெளிச்சத்தை மறைத்துத்தான் எண்ணைக் காட்டும். பள்ளித் திடலில் நண்பகலில் பார்த்தால் அச்சடித்த மாதிரி இருக்கும். கடையில் சோதித்தபோதும் அப்படித்தான் இருந்தது, அதை நம்பித்தான் வாங்கினேன். செம்பனைக்குள் கொண்டுபோனால் கதை மாறிவிடும். மட்டைகள் கூரை போட்டிருக்கும், அடியில் கறுத்த தண்டு, பெரணி, ஈர மண். அந்தக் கருமையின் மேல் கறுப்பு எண். பொத்தானை அழுத்துகிறேன், லேசர் போகிறது, திரும்புகிறது, கருவி சரியாகக் கணக்குப் போடுகிறது, எனக்கு மட்டும் தெரிவதில்லை. 28-ஆ 23-ஆ என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறேன். சில நாள் கருவியை மேலே தூக்கி, மட்டைகளின் இடுக்கில் தெரியும் வானத்தில் எண்ணைப் படித்திருக்கிறேன். அடுத்த தடவை அழுத்தும் வரை அது சில நொடி நிற்கும். மூன்று வருஷமாக இதுதான் என் வழக்கம். தூரம் சொல்வதற்கென்றே செய்த கருவி, அதைச் சொல்லவேண்டிய நேரத்தில் வாயை மூடிக்கொள்வதை என்னால் மன்னிக்க முடியவில்லை. வில்வேட்டைக்காரர்களுக்கும் விடிகாலையும் அந்தியும்தானே முக்கியமான வேளை? இதை வடிவமைத்தவர்கள் ஒரு சாயங்காலமாவது மரநிழலில் நின்று பார்த்திருக்க வேண்டாமா?

நியாயமாகச் சொல்ல வேண்டியதையும் சொல்கிறேன். அளவில் பிழை இல்லை. நாடாப் பிடித்து 20, 30, 40 மீட்டரில் சரிபார்த்தேன். அரை மீட்டருக்கு மேல் விலகியதே இல்லை. ஒளி ஒரு மீட்டர் போய்த் திரும்ப ஏழு நானோநொடிகூட ஆகாது. அதை உள்ளங்கையளவு பெட்டிக்குள் எண்ணுகிறார்கள் என்று நினைத்தால் இன்றும் எனக்கு வியப்புதான். முன்னால் லாலாங் புல்லோ மட்டை நுனியோ குறுக்கிட்டால், தூர இலக்கை எடுக்கும் முறைக்கு மாற்றிவிட்டால் போதும், புல்லை விட்டுவிட்டுப் பின்னால் இருக்கும் பொம்மையைப் பிடிக்கும். பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் ஆயிரம் யார்டு நமக்குத் தேவையே இல்லை. வில்லுக்கு வேண்டியது 45 மீட்டருக்குள்.

சரிவுக் கணக்கும், அதாவது மேடுபள்ளத்துக்கு ஏற்ப எய்யவேண்டிய தூரத்தைத் திருத்திச் சொல்வதும், ஒழுங்காக வேலை செய்கிறது. மேட்டு நிலத்தில் மேல்படியில் நின்று கீழே பார்த்தால் நேர்க்கோட்டில் 30 மீட்டர் காட்டும் இலக்கு, 25 பாகைச் சரிவில் அம்புக்கு 27 மீட்டர்தான். மேலே பார்த்து எய்தாலும் அதே 27. இதனால்தான் தம்பிக்கு ஒன்று சொல்லவேண்டும்: யாராவது பழைய கோல்ஃப் ரேஞ்ச்ஃபைண்டரை மலிவாகக் கொடுத்தால், சரிவுக் கணக்கை நம்பி வாங்காதீர்கள். கோல்ஃபில் மேட்டுக்கு அடிக்கும்போது தூரத்தைக் கூட்டிச் சொல்லும். வில்லுக்கு மேடானாலும் பள்ளமானாலும் குறைக்கத்தான் வேண்டும்.

இன்னொன்று, பேட்டரி மாற்றினால் மீட்டர் போய் யார்டு வந்துவிடும். ஒருமுறை கவனிக்காமல் 40 என்று படித்து வில்லின் குறிகாட்டியில் 40 மீட்டருக்கான ஊசியை வைத்து எய்தேன். உண்மையில் அது 36 மீட்டர் சொச்சம். அம்பு பொம்மையின் முதுகுக்கு மேல் போய் மண்ணில் குத்தியது. அந்த சிஆர்2 பேட்டரியும் எங்கள் கடைவீதியில் கிடைப்பதில்லை, ஈப்போவுக்குப் போகவேண்டும்.

இனி, நான் எதிர்பார்க்காத ஒன்று. உலக வில்வித்தைச் சம்மேளன விதிப்படி நடக்கும் த்ரீடி போட்டியில் தூரத்தைச் சொல்லமாட்டார்கள், தூரமளக்கும் கருவிக்கும் அனுமதி இல்லை. கப்பி வைத்த காம்பவுண்ட் வில்லுக்கு அதிகபட்சம் 45 மீட்டர், குறிகாட்டி இல்லாத வெறும்வில்லுக்கு 30. எவ்வளவு என்பதைக் கண்ணால்தான் மட்டுக்கட்ட வேண்டும். அதனால் நான் முதலில் மனத்தில் ஒரு தூரத்தைச் சொல்லிக்கொண்டு, பிறகு பொத்தானை அழுத்துவேன். முதல் ஆறு மாதம் ஐந்து, ஆறு மீட்டர் தவறினேன். ஒரு நாள் அப்பா கூட வந்தார். முப்பது வருஷத்துக்கு மேல் தோட்டத்தில் குலை வெட்டியவர். "எத்தன மீட்டர்னு ஏன் பாக்குற? எத்தன மரம்னு பாரு" என்றார். செம்பனையை முக்கோணமாக நடுவார்கள். அளந்தேன்: மரத்துக்கு மரம் 9 மீட்டர், நிரைக்கு நிரை 7.8. மூன்று மரம் தள்ளி 27, நான்கு மரம் தள்ளி 36. வேலைக்கு வந்த முதல் வருஷமே அவர் காலுக்குத் தெரிந்த கணக்கு. நான் பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த மரங்களே அளவுகோலாக நின்றிருக்கின்றன. அன்று அவர் சொல்லச் சொல்ல நான் அழுத்திக்கொண்டே போனேன். "ரெண்டு மரம், கொஞ்சம் கூட." 19.5. "மூணுக்கு உள்ள." 25. அந்த எண்களையும் வானத்தில் தூக்கித்தான் படித்தேன்.

இப்போது வெறும் கண்ணால் 30 மீட்டருக்குள் ஒரு மீட்டர்தான் தவறுகிறேன். மரமே இல்லாத திடலிலும் மனத்தில் மரங்களை நட்டு எண்ணுகிறேன்.

ஆகத் தம்பிக்கு என் பதில்: இதை வாங்காதீர்கள். 520-க்கும் வேண்டாம். இன்னும் இரண்டு மாதம் காசு சேர்த்து, சிவப்பாக ஒளிரும் திரை உள்ளதை வாங்குங்கள். கொளுத்தும் வெயிலில் சிவப்பு சற்று மங்கும், ஒளியின் அளவைக் கூட்டிக் குறைக்க முடிகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். என் பேச்சில் நம்பிக்கை இல்லாவிட்டால் சனிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு வந்து என்னுடையதைக் கண்ணில் வைத்துப் பாருங்கள். அதையே பாதி விலைக்குக் கேட்கலாம் என்ற எண்ணம் மட்டும் வேண்டாம். அதை நான் யாருக்கும் கொடுப்பதாக இல்லை.